ஒரு நாள் தகுதி

பத்தாண்டு கடந்த காரை வைத்திருப்போரிடையே ஆண்டுதோறும் ஒரு புலம்பல் எழுகிறது. சாலை வரி கட்டும் காலம் நெருங்கும்போது பட்டறை வாசல்களிலும் காப்பிக்கடை மேசைகளிலும் இதனைக் கேட்கலாம். "நன்றாக ஓடுகிற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து என்கிறார்கள். பிரேக்கைப் பார்க்கிறார்கள், புகையைப் பார்க்கிறார்கள், அடியில் புகுந்து ஆட்டிப் பார்க்கிறார்கள். பழைய வண்டிக்காரன் என்றால் அவ்வளவு இளக்காரமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, வண்டியை எப்படியாவது ஒரு நாளைக்குத் தேற வைத்துவிடும் கைகாரர் எங்கே கிடைப்பார் என்றும் விசாரிக்கிறார்கள்.

இப்புலம்பலில் நியாயம் ஒரு பங்கும் அறியாமை மூன்று பங்கும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய காருக்கு நான் எதிரியல்லன். பழைய காரின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அம்மானத்தைக் கெடுப்பவர் சோதனை நிலையத்தில் இருப்பவர் அல்லர். காரின் உரிமையாளர்களுள் ஒரு சாராரே என்பது என் துணிபு.

முதலில் விதியைத் தெளிவாக அறிந்துகொள்வோம். சிங்கப்பூரில் பதிவாகி 3 ஆண்டு நிறையாத காருக்குச் சோதனை இல்லை. 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒரு முறை சோதனை. 10 ஆண்டைக் கடந்துவிட்டால் ஆண்டுதோறும் சோதனை. நாள் முழுதும் ஓடும் டாக்சிகளுக்கோ சோதனை இன்னும் அடிக்கடி. சோதனையில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது; சாலை வரி இல்லாத வண்டி சாலையில் ஓடக்கூடாது. மூப்பும் உழைப்பும் மிகுந்த வண்டியை அடிக்கடி பார்க்க வேண்டும் என்னும் எளிய அறிவுதான் இவ்விதியின் அடிப்படை. அறுபதைக் கடந்தவரை மருத்துவர் ஆண்டுதோறும் வரச்சொன்னால் அதை யாரும் அவமதிப்பு என்று எண்ணுவதில்லை.

இவ்வேற்பாடு நம் ஊரில் மட்டும் முளைத்ததும் அன்று. பிரிட்டனில் எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில், 10 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை தொடங்கப்பட்டது. அன்று பார்க்கப்பட்டவை பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகிய மூன்றே. அந்த மூன்றில்கூடத் தேறாத கார்கள் எதிர்பாராத அளவுக்குப் பெருகிக் கிடந்தன. ஆகவே 1961ஆம் ஆண்டு முடிவதற்குள் வயது வரம்பு 7 ஆண்டாயிற்று. 1967இல் 3 ஆண்டாயிற்று. 1968இல் டயரும் சோதனைக்குள் வந்தது. இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? "என் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்று நம்பிய எத்தனையோ பேர் நின்று பிடிக்காத பிரேக்கோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதையே உணர்த்துகிறது. அவர்கள் தீயவர்கள் அல்லர். தேய்மானம் சிறிது சிறிதாக வருவதால் அதை நாள்தோறும் ஓட்டுகிறவரின் கால் உணர்வதில்லை. பிரேக் மிதி ஒரு விரலளவு கூடுதலாக இறங்கினால், அடுத்த வாரமே கால் அதற்குப் பழகிவிடும். "இருபது ஆண்டாக ஓட்டுகிறேன், என் வண்டி எனக்குத் தெரியாதா?" என்று கேட்பவருக்கு இதுவே விடை. இருபது ஆண்டாகப் பழகியதனாலேயே தெரியாது, ஐயா.

இனி, புலம்பலில் உள்ள ஒரு பங்கு நியாயத்துக்கு வருவோம். அதனை மறைப்பது நேர்மையாகாது.

சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு மே மாதம் முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் இருக்கிறது. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்ததும் காரைப் பதிவு நீக்கம் செய்ய வேண்டும். அல்லது அண்மைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால், பதிவு நீக்கத்தின்போது கிடைத்திருக்கக்கூடிய கழிவுத்தொகையைத் துறக்க வேண்டும். அதன்மேல் சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் ஏறுகிறது. 10 ஆண்டைக் கடந்தால் 10 விழுக்காடு. ஆண்டுக்குப் பத்துப் பத்தாக உயர்ந்து 14 ஆண்டைக் கடந்தபின் 50 விழுக்காடு. அவ்வண்டி எவ்வளவு செம்மையாகப் பேணப்பட்டது, புகை எவ்வளவு தூய்மையாக வருகிறது, எத்தனை முறை முதல் தடவையிலேயே சோதனையில் தேறியது என்று அக்கட்டணம் கேட்பதில்லை. அது பிறந்த தேதியை மட்டும் பார்க்கிறது. பராமரிப்பே காணாத நான்கு வயதுக் கார் அக்கட்டணத்திலிருந்து விடுபட்டுப் போகிறது. பிள்ளையைப்போல் வளர்க்கப்பட்ட பதினைந்து வயதுக் கார் ஒன்றரை மடங்கு கட்டுகிறது. சின்னஞ்சிறு தீவில் வாகனங்களின் தொகையை அளவோடு வைக்க வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் வயதையே குற்றமாக்கும் அளவுகோல் நியாயமானதன்று என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பழைய வண்டிக்காரர் தம் சினத்தை எங்கே கொட்டுகிறார்? வயதைத் தண்டிக்கும் கட்டணத்தின்மீது அன்று. உடல்நலத்தை அளக்கும் சோதனையின்மீது. இதைவிடப் பெரிய தடுமாற்றம் வேறில்லை. அரசு அலுவலகம் தொடங்கிக் கார் விற்பனைக்கூடம் ஈறாக எல்லாரும் பழைய காரின் வயதையே பேசும் ஊரில், வயதைப் பொருட்படுத்தாமல், "நீ ஒழுங்காக நிற்கிறாயா? உன் விளக்கு நேராக விழுகிறதா? உன் மூச்சு தூய்மையாக இருக்கிறதா?" என்று கேட்கும் இடம் அது ஒன்றுதான். பதினைந்து வயதுக் கார் அங்கே தேறினால், அது சாலைக்குத் தகுதியானது என்று கருவிகளே சான்று சொல்கின்றன. "வயதைப் பார்த்து வரி போடாதே, தகுதியைப் பார்த்துப் போடு" என்று நாளை நாம் வாதாட வேண்டுமானால் நம் கையில் இருக்கும் ஒரே ஆவணம் அந்தச் சான்றுதான். அச்சான்றைப் பொய்யாகப் பெறுகிறவர் தமக்கு மட்டும் கேடு செய்துகொள்ளவில்லை. பழைய கார் வைத்திருக்கும் அனைவரின் வழக்கையும் அவர் தோற்கடிக்கிறார்.

பொய்யாகப் பெறுவது எவ்வாறு என்பது ஊரறிந்த செய்திதான். காதைப் பிளக்கும் புகைக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சோதனை நாளுக்கென்று பழைய குழாயை மாட்டுகிறார்கள். நண்பரின் வண்டியிலிருந்து நல்ல டயர்களை இரவல் வாங்கிப் பூட்டுகிறார்கள். கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளை உரித்துவிட்டு, சான்று கைக்கு வந்ததும் வேறு தாளை ஒட்டுகிறார்கள். முன் கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு ஒளியையும், பின்புறக் கண்ணாடிகள் 25 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்ற விதி, மழை இரவில் சாலையைக் கடக்கும் கிழவியை ஓட்டுநர் காண வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. சோதனை நாளில் மட்டும் அக்கிழவி கண்ணில் பட்டால் போதுமா? "எப்படியும் பாஸ் பண்ணிக் கொடுத்துவிடுகிறேன்" என்று வாக்குத் தரும் பட்டறைக்காரர் நமக்குத் தோழர்போல் தோன்றுவார். கெட்டதைச் செம்மையாக்கித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் விற்பது ஒரு தாள். அத்தாளுக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது.

நேர்மையாகத் தேறிய காருக்கும் அத்தாள் எவ்வளவு தூரம் காப்பளிக்கும் என்று பார்ப்போம். நிலையத்தில் சக்கரங்களை உருளைகளின்மேல் ஏற்றி, பிரேக்கின் பிடியை அளக்கிறார்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு மிகுந்தால் வண்டி நிற்கும்போது ஒருபுறம் இழுக்கும். அதனை அக்கருவி காட்டிவிடும். புகைக்குழாயின் முனையில் குழலைச் செருகி நச்சுக்காற்றை அளக்கிறார்கள். முன்விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்கிறார்கள். அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவையும், ஸ்டீயரிங் மூட்டுகளின் ஆட்டத்தையும், வெடித்துப்போன ரப்பர்களையும் தேடுகிறார்கள். இவையெல்லாம் மிக நல்ல காரியங்கள். எனினும் சில நிமிடச் சோதனை காணக்கூடியது அந்தச் சில நிமிடங்களில் வெளிப்படுவதை மட்டுமே.

பிரேக் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்கிறது. உருளைமேல் அரை நிமிடம் மிதிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. அதே கார் பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைக்குப் போய், நெடுஞ்சரிவில் மிதித்துக்கொண்டே இறங்கும்போது பிரேக் சூடேறுகிறது. எண்ணெய் கொதித்து ஆவி பிறக்கிறது. ஆவி அமுங்கக்கூடியது ஆகையால் மிதி தரையைத் தொடுகிறது, வண்டி நிற்பதில்லை. சட்டைப்பையில் தேர்ச்சிச் சான்று இருக்கிறது. அதனால் என்ன பயன்?

டயரும் அத்தகையதே. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 என்பது "இதற்குக் கீழே குற்றம்" என்னும் எல்லைக் கோடு. அதுவரை அச்சமில்லை என்பது அதன் பொருளன்று. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் விரைவுச்சாலையில் நீரை விலக்கும் ஆற்றல் அந்த எல்லையை எட்டுவதற்கு நெடுநாள் முன்பே குன்றிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. குறைவாக ஓடும் பழைய காரில் பள்ளம் ஆழமாகவே இருக்கும். ரப்பரோ வெயிலில் காய்ந்து இறுகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது என்று பொருள். தம் காரின் நான்கு டயர்களிலும் அவ்விலக்கங்களைப் படித்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தவறாமல் கேக் வாங்குகிறோம். அப்பிள்ளையைத் தாங்கிச் செல்லும் டயரின் பிறந்த ஆண்டு நமக்குத் தெரிவதில்லை.

"இவ்வளவையும் பார்க்க எங்களிடம் பணம் ஏது?" என்று கேட்பர் சிலர். பணக்காரர் புதுக்கார் வாங்குகிறார், இயலாதவர்தான் பழைய காரை வைத்திருக்கிறார் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். ஆனால் செலவு எங்கே பிறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சோதனைக்கு மூன்று நாள் முன்பு பட்டறைக்கு ஓடுகிறவர் அவசரக்காரர். அவசரக்காரரிடம் பேரம் பேசும் வலிமை இல்லை. ஒரே நாளில் டயர், பிரேக் கட்டை, ஸ்டீயரிங் மூட்டு, முன்விளக்கு என்று எல்லாம் கையை நீட்டும்போது மாதச் சம்பளம் கரைந்துபோகிறது. அப்போதுதான் இரவல் டயர் நினைவுக்கு வருகிறது. அதே செலவை ஆண்டு முழுவதும் பகிர்ந்தால் தாங்கக்கூடியதாகிறது. வரி முடியும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே காரைத் தூக்கி வைத்து அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ட குறைகளை எழுதி வாங்கிக்கொண்டு, உயிரைத் தொடும் குறையை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் சரிசெய்ய வேண்டும். பிரேக் எண்ணெயை ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒரு முறை மாற்றுவது ஒரு குடும்பம் உணவகத்தில் ஒரு வேளை உண்ணும் செலவைப் போன்றது. காற்று வடிகட்டியை மாற்றுவது அதனினும் எளிது. அது அடைத்திருந்தால் புகைச் சோதனையில் தவறுவதற்கும் அதுவே காரணமாகலாம். நிறுத்த விளக்கும் கொம்பும் துடைப்பானும் இருக்கைவாரும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் காசே வேண்டா. வீட்டில் ஒருவர் மிதிக்க மற்றொருவர் பின்னால் நின்று பார்த்தால் போதும். மஞ்சள் பூத்த முன்விளக்கு மூடியை மெருகேற்றுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை.

சோதனை நாளுக்கென்றும் நேர்மையான ஆயத்தம் உண்டு. இயந்திரம் நன்கு சூடேறும்படி சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு நிலையத்துக்குப் போவது ஏமாற்றன்று. புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி சூடேறிய பின்னரே தன் தொழிலைச் செய்யும். குளிர்ந்த இயந்திரத்தோடு போய்த் தவறிவிட்டுச் சோதகரைத் திட்டுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். டயர்களில் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துப் போவதும், பொருள் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவதும் அவ்வாறே. ஏதேனும் ஒன்றில் தவறினால் அக்குறையைச் சரிசெய்து மீண்டும் காட்ட வழி இருக்கிறது. அந்தக் குறைச்சீட்டைச் சினந்து கசக்கி எறியாமல் வைத்திருந்து, அடுத்த ஆண்டுக்கு அதையே பாடத்திட்டமாகக் கொள்பவரே அறிவுடையவர்.

மலேசிய நண்பர்களுக்கும் ஒரு சொல். அங்கே 2009ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கையின் மறுஆய்வு வெளியிடப்பட்டபோது, 15 ஆண்டு கடந்த வாகனங்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும் வேளையில் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், சில வாரங்களுக்குள் அரசு அதனைக் கைவிட்டது. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. பழைய வண்டிகளை ஒழித்துப் புதிய வண்டிகளை விற்கும் வழியோ என்ற ஐயம் ஏழை மக்களுக்கு எழுந்தது. பாதுகாப்பையும் கழிவகற்றலையும் ஒரே கயிற்றில் கட்டியதால் இரண்டும் கவிழ்ந்தன. ஆனால் அதன் விளைவை யார் சுமக்கிறார்? தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்கு வந்த நம் குடும்பங்களுள் எத்தனையோ இருபது வயதுக் காரிலேயே வேலைக்குப் போகின்றன. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுகின்றன. சோதனை ஏழையின்மேல் சுமை என்கிறோம். சோதனையில்லாத பிரேக் யாருடைய பிள்ளையின்மேல் சுமை? ஏழைக்காகப் பேசுகிறவர் கேட்க வேண்டியது சோதனையே வேண்டா என்பதன்று. கட்டணம் குறைவாக இருக்கட்டும், மறுசோதனைக்குச் சலுகை இருக்கட்டும், தேறிய காரை வயதைக் காட்டிப் பறிக்க மாட்டோம் என்ற உறுதி சட்டத்திலேயே இருக்கட்டும் என்று கேட்க வேண்டும். பாலத்தின் இருபுறத்துக்கும் பொருந்தும் நியாயம் அதுவே.

இந்நூலைப் படிப்போருள் ஆசிரியர்களும் மாணவர்களும் மிகுதி. அவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தேர்வுக்கு முதல் இரவு விடைகளை உருப்போட்டு, மறுவாரம் அனைத்தையும் மறந்துவிடும் மாணவனைக் கண்டு வருந்தாத ஆசிரியர் இல்லை. மதிப்பெண் வேறு, கல்வி வேறு என்று வகுப்பில் நாள்தோறும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, மாலையில் இரவல் டயரோடு சோதனை நிலையத்துக்குப் போனால் அந்த மாணவன் நம்மிடம் எதைக் கற்பான்? உருப்போட்ட மாணவன் கெடுத்துக்கொள்வது தன் அறிவை மட்டுமே. உருப்போட்ட கார் கெடுப்பது பாதசாரியின் காலை.

மாணவர்களே, சிங்கப்பூரில் 18 வயதானால் நீங்களும் வண்டி ஓட்டக் கற்கலாம். உங்களுள் பலர் முதலில் ஓட்டப்போவது அப்பாவின் பழைய காரைத்தான். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மணிக்கு 45 கிலோமீட்டரில் அடங்கிய கார் 90 கிலோமீட்டரில் அடங்காமல் போவது விதியின் விளையாட்டன்று, கணக்கு. அக்கணக்கை இன்றே உங்கள் வீட்டுக் காரின் அருகே நின்று போட்டுப் பாருங்கள். டயரின் நான்கு இலக்கங்களைப் படித்துச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று அப்பாவைக் கேளுங்கள். அவர் முதலில் சினந்தாலும் பிறகு பட்டறைக்குப் போவார்.

உரிமையாளர்களுக்கு என் முடிவுரை இது. வயதுக்காகத் தண்டிக்கும் கட்டணத்தை எதிர்த்து வாதாடுங்கள். அவ்வாதத்தில் நானும் உங்களோடு நிற்பேன். ஆனால் தகுதியைக் கேட்கும் சோதனையை ஏமாற்றாதீர்கள். அது ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறது. சாலையோ எஞ்சிய 364 நாளும் உங்கள் காரைச் சோதிக்கிறது. சாலை வைக்கும் அச்சோதனையில் தவறினால் குறைச்சீட்டும் கிடையாது, மறுசோதனையும் கிடையாது.